வெள்ளை ஸ்லாட்

அஃப்ஷா அந்த விஷயத்தை மூன்று தடவை சொல்லியிருந்தாள். முதல் தடவை வாயால். இரண்டாவது தடவை போனில் செய்தியாக. மூன்றாவது தடவை கம்ப்யூட்டரின் பெட்டியைக் கழற்றி, உள்ளே டார்ச் அடித்து, படம் எடுத்து, படத்தின் மேல் சிவப்பு வட்டம் போட்டு அனுப்பினாள்.

ஆம்பூரில் நசீர் அகமதின் தோல் தொழிற்சாலையில் அளவு அறை அவள் பொறுப்பு. பதனிட்டு, சாயம் ஏற்றி, பாலிஷ் முடிந்து வரும் ஒவ்வொரு தோலும் கடைசியாக அந்த அறைக்குத்தான் வரும். அங்கே பத்தடி அகலத்தில் ஒரு மெஷின் இருக்கிறது. ஒரு பக்கம் அருணகிரி தோலைச் சுருக்கமில்லாமல் விரித்து உள்ளே விடுவார். மறுபக்கம் அமிர்தவள்ளி அதை வாங்குவாள். நடுவில் அந்தத் தோல் எத்தனை சதுர அடி என்று மெஷின் பார்த்து, பக்கத்து மேஜையிலுள்ள கம்ப்யூட்டருக்குச் சொல்லும். அஃப்ஷா அதைச் சரிபார்த்துச் சீட்டு அடிப்பாள். தோலை எடை போட்டு யாரும் வாங்குவதில்லை, அளவு போட்டுத்தான் வாங்குகிறார்கள். அந்த அறை நின்றால் ஒரு தோலும் கேட்டைத் தாண்டாது.

மெஷினையும் கம்ப்யூட்டரையும் இணைப்பது ஒரு கார்டு. சாண் நீளம், பச்சை நிறம். மெஷின் செய்த கம்பெனி கொடுத்தது. அது உட்காரும் இடம் மதர்போர்டில் இருக்கும் வெள்ளை ஸ்லாட். அந்த மாதிரி ஸ்லாட் இப்போது வரும் போர்டுகளில் கிடையாது. அதைத்தான் அவள் மூன்று தடவை சொன்னாள்.

சொன்னது சூரியபிரகாஷிடம். காட்பாடியில் பெரிய படிப்பு படித்துவிட்டு ஆறு மாதத்துக்கு முன்னால் சிஸ்டம்ஸ் மேனேஜராக வந்தவன். வயது இருபத்தெட்டு. அஃப்ஷாவைவிட ஏழு வயது சின்னவன். ஆபீஸ் முழுக்கப் பழைய கம்ப்யூட்டர்களை மாற்றி ஒன்பது புதுசு வாங்குவதென்று முடிவெடுத்தது அவன்தான்.

"சார், அளவு ரூம் சிஸ்டத்த மட்டும் அப்படியே விட்ருங்க. இல்லன்னா பாத்து வாங்கணும். அந்த கார்டு புது போர்டுல உக்காராது. பெட்டியும் உசரமா இருக்கணும். விண்டோஸும் பழசுதான் வேணும், புதுசுல அந்த சாஃப்ட்வேர் ஓடாது" என்று அவள் சொன்னபோது அவன் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"ஸ்லாட் இல்லாத மதர்போர்டு எங்கியாவது இருக்காம்மா? கார்டுன்னா ஸ்லாட்ல போடுறதுதான். அதெல்லாம் நாங்க பாத்துக்குவோம். நீங்க என்ட்ரி வேலையப் பாருங்க."

"ஸ்லாட் இருக்கும் சார். ஆனா அது வேற ஸ்லாட்."

"யூட்யூப் பாப்பீங்களோ?" என்று சிரித்தான். பக்கத்தில் நின்ற இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அவள் யூட்யூபும் பார்த்தாள்தான். நான்கு வருஷத்துக்கு முன் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு மெமரி வாங்கப் போய், தப்பான ரகத்தை வாங்கி வந்து, பள்ளம் ஒத்துப்போகாமல், கடைக்காரன் திருப்பி எடுக்க மாட்டேன் என்று சொல்லி அவமானப்பட்டாள். அன்றிலிருந்து எந்தப் பாகம் எதற்குப் பொருந்தும் என்பதைப் படிக்காமல் ஒரு வயரைக்கூட வாங்கியதில்லை. பிராசசருக்கு எந்த சாக்கெட், போர்டுக்கு எந்த மெமரி, எல்லாவற்றுக்கும் சேர்த்து எத்தனை வாட் பவர் சப்ளை, பெட்டிக்குள் இடம் உண்டா, இத்தனையும் பார்த்த பிறகுதான் கடைக்குப் போவாள். அளவு அறைக் கம்ப்யூட்டரை அவளே இரண்டு தடவை பிரித்துத் தூசி தட்டி மாட்டியிருக்கிறாள். இதெல்லாம் அவனுக்குத் தெரியாது. கேட்டால்தானே தெரியும்.

திங்கட்கிழமை காலையில் அவள் வந்தபோது மேஜையில் பழைய பெட்டி இல்லை. அந்த இடத்தில் பிரியாணிப் பொட்டலம் அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி பளபளத்தது. பச்சைக் கார்டைச் சூரியபிரகாஷ் கையில் வைத்துக்கொண்டு, பெட்டியின் மூடியைத் திறந்து, உள்ளே பார்த்துக்கொண்டிருந்தான். அருணகிரி கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார்.

"பழைய சிஸ்டம் எங்க சார்?"

"எக்ஸ்சேஞ்ச்ல போய்ட்டுது. காலைல ஏழு மணிக்கே வண்டி வந்து ஒம்போதையும் எடுத்துனு போய்ட்டான். ஹார்டு டிஸ்க்க மட்டும் கழட்டி வச்சிருக்கேன், டேட்டா காப்பி பண்ண."

அஃப்ஷா பையை மேஜைமேல் போட்டுவிட்டு அவன் பக்கத்தில் போய் நின்றாள்.

சூரியபிரகாஷ் கார்டை நீளமான கறுப்பு ஸ்லாட்டின் மேல் வைத்தான். அது உட்காரவில்லை. திருப்பி வைத்தான். உட்காரவில்லை. பிறகு கட்டைவிரல் இரண்டையும் அதன் முதுகில் வைத்து அழுத்த ஆரம்பித்தான்.

"சார், அழுத்தாதீங்க. அது வேற ஸ்லாட்டு."

"டைட்டா இருக்குது, அவ்ளோதான்."

"டைட் இல்ல சார். பள்ளம் வேற எடத்துல இருக்குது, பாருங்க. ஒடஞ்சிடும். அழுத்தாதீங்கன்றேன்ல!"

'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அஃப்ஷா பாய்ந்து அவன் கையிலிருந்து கார்டைப் பிடுங்கினாள். பிடுங்கிய பிறகுதான் என்ன செய்தோம் என்று அவளுக்கே உறைத்தது. கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதன் அடியோரத் தங்கப் பற்களில் லேசான கீறல், வேறொன்றும் இல்லை. உடைந்தது புது போர்டின் ஸ்லாட். கறுப்பு பிளாஸ்டிக் ஓரம் பிளந்து தொங்கியது.

"என்ன இது, கையிலருந்து புடுங்குறீங்க?" என்றான் சூரியபிரகாஷ். முகம் சிவந்திருந்தது.

"இந்த ஒரு கார்டு போச்சுன்னா இத்தாலில இருந்து வரணும். அந்த மாடலே இப்ப அவங்க செய்யல. தெரியுமா உங்களுக்கு? மூணு வாட்டி சொன்னேன். படம் போட்டு அனுப்புனேன். ரெண்டு நீல டிக்கும் விழுந்துது. பாத்துட்டு எதுக்கு சார் சும்மா இருந்தீங்க?"

அவன் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

அந்த வாரம் புதன்கிழமை பதினெட்டாயிரம் சதுர அடி ஆட்டுத்தோல் சென்னைத் துறைமுகத்துக்குப் போக வேண்டும். அளவு போட்டது பாதிகூட இல்லை. விஷயம் ஒரு மணி நேரத்தில் நசீர் அகமதின் காதுக்குப் போயிற்று. அஃப்ஷாவை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். அவள் போனில் இருந்த செய்தியைத் திறந்து மேஜைமேல் வைத்தாள். சிவப்பு வட்டம் போட்ட படம். தேதி. இரண்டு நீல டிக்.

நசீர் அகமது கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், மாட்டிப் பார்த்தார். பிறகு போனை அவள் பக்கமாக நகர்த்தினார்.

"இப்ப யார் மேல தப்புன்னு பேசினு இருந்தா லாரி நிக்குமா? வேல நடக்கணும். அத யோசிங்க ரெண்டு பேரும்."

அவளுக்குக் காது சூடேறியது. தப்பு அவள்மேல் இருந்திருந்தால் யார் என்ற கேள்வி முதலில் வந்திருக்கும். இப்போது மட்டும் அந்தக் கேள்விக்கு நேரமில்லாமல் போய்விட்டது.

"ஆன்லைன்ல கன்வர்ட்டர் ஆர்டர் போட்டுருக்கேன் சார்" என்றான் சூரியபிரகாஷ். "வெள்ளிக்கிழமை வந்துடும்."

"வந்தாலும் ஓடாது" என்றாள் அஃப்ஷா. "கார்டு உக்காந்தா போதுமா? புதுசுல இருக்கிற விண்டோஸ்ல அந்த கார்டுக்கு டிரைவரே இல்ல. பழைய போர்டு மாதிரியே ஒண்ணு வேணும். அதே மாடல். அப்பத்தான் அந்த ஹார்டு டிஸ்க்க மாட்டுனா நேரா எழும். வேற மாடல் போட்டா நீல ஸ்கிரீன்ல நின்னுடும்."

"அது எங்க கெடைக்கும் இப்ப? பத்து வருஷத்துப் பழசு."

"நீங்க ஏழு மணிக்கு வண்டியில ஏத்தி அனுப்புனீங்களே, அங்க கெடைச்சிருக்கும்."

எடுத்துப் போனவனுக்கு அங்கேயே போன் போட்டார்கள். ஸ்பீக்கரில் அவன் குரல் உற்சாகமாகக் கேட்டது. "அதெல்லாம் அப்பவே பிரிச்சு பெங்களூரு பார்ட்டிக்கு ஏத்தியாச்சு சார். ஏன், ஏதாச்சும் பிராப்ளமா?"

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணி பஸ்ஸில் அஃப்ஷா வேலூருக்குக் கிளம்பினாள். பையில் கார்டு இருந்தது. புது போர்டு வந்த வெள்ளிக் கவரில் அதைச் சுற்றி, மேலே துப்பட்டாவைச் சுற்றியிருந்தாள். ஹார்டு டிஸ்க் டிபன் டப்பாவுக்குள் இருந்தது. பஸ் மாதனூர் தாண்டும்வரை மனதுக்குள் சூரியபிரகாஷைத் திட்டிக்கொண்டே வந்தாள். பள்ளிகொண்டா தாண்டிய பிறகு நசீர் அகமதைத் திட்டினாள். வேலூர் நெருங்கும்போது தன்னையும் கொஞ்சம் திட்டிக்கொண்டாள். அவன் கெடுத்ததைச் சரிபண்ண அவளுக்கென்ன தலையெழுத்து? ஆனால் அந்த மெஷின் சும்மா நிற்பதை அவளால் பார்க்க முடியவில்லை. பதினோரு வருஷமாக அதோடு உட்கார்ந்திருக்கிறாள்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஹேமலதாவின் கடை. பழைய கம்ப்யூட்டர்களை வாங்கிப் பிரித்து விற்கும் கடை. நாற்பது வயதிருக்கும் அவளுக்கு. சாலிடரிங் கோல் மேஜையில் புகைந்துகொண்டிருந்தது.

"இன்னா வேணும்?"

அஃப்ஷா மாடல் நம்பரைச் சொன்னாள். ஹேமலதா நிமிர்ந்து பார்த்தாள். வழக்கமாக வருபவர்கள் "ஒரு மதர்போர்டு வேணும்" என்பதோடு நிறுத்திவிடுவார்கள் போலிருக்கிறது.

"எதுக்கு அந்தப் பழசு? புதுசு கம்மி வெலையில தர்றேன்."

"புதுசு போட்டுத்தான் பேஜாராகி நிக்கிறேன்" என்று அஃப்ஷா கார்டை எடுத்துக் காட்டினாள். "இது உக்காரணும். இந்த டிஸ்க்கு அப்படியே எழும்பணும்."

ஹேமலதா கார்டின் பற்களைப் பார்த்தாள். கீறலைத் தடவிப் பார்த்தாள்.

"யாரோ போட்டு அழுத்திருக்கான்."

"ஆமா."

"படிச்சவனா?"

"ரொம்ப."

ஹேமலதா வேறொன்றும் கேட்காமல் எழுந்து பின் அறைக்குப் போனாள். அங்கே மதர்போர்டுகள் பழைய புத்தகங்களைப் போல அடுக்கி நின்றன. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து தேடினார்கள். வெள்ளை ஸ்லாட் இருந்ததை ஒரு பக்கமும் இல்லாததை மறுபக்கமும் போட்டார்கள். ஒரு மணி நேரத்தில் வெள்ளை ஸ்லாட் உள்ள பக்கம் ஏழு தேறின. அதில் சொன்ன நம்பர் எதுவும் இல்லை. நெருக்கமாக ஒன்று இருந்தது.

"இதுல ட்ரை பண்ணிப் பாக்கலாம்" என்றாள் ஹேமலதா.

மேஜையில் வைத்து பிராசசர், மெமரி, பவர் சப்ளை மாட்டினாள். அஃப்ஷா ஹார்டு டிஸ்க்கைச் சொருகினாள். விண்டோஸ் எழுத்து வந்தது. நாலு வண்ணமும் ஒன்றாகக் கூடின. அடுத்த நொடி திரை முழுக்க நீலம்.

"சொன்னேன்ல" என்றாள் அஃப்ஷா. யாரிடம் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

மத்தியானம் ஒன்றரை மணிக்கு, மேல் பரணில் ஓர் அட்டைப் பெட்டியில், அதே நம்பர் கிடைத்தது. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பார்த்தார்கள். ஆனால் பிராசசருக்குப் பக்கத்தில் ஒரு கெபாசிட்டர் தலை வீங்கி நின்றது. சாக்கெட்டில் ஒரு பின் வளைந்திருந்தது.

"அதனாலதான் மேல போட்டு வச்சேன்" என்றாள் ஹேமலதா. "இரு. சாப்ட்டியா? சாப்டல இல்ல? நானும் சாப்டல. முடிச்சிட்டு சாப்டலாம்."

வளைந்த பின்னைப் பூதக்கண்ணாடி வழியே பார்த்து ஊசி முனையால் நிமிர்த்தினாள். வீங்கிய கெபாசிட்டரைச் சூடு காட்டி எடுத்துவிட்டு வேறொரு போர்டிலிருந்து அதே அளவு ஒன்றைக் கழற்றி வைத்தாள். "அளவு ஒண்ணா இருந்தா போதாது, வோல்ட்டும் பாக்கணும்" என்று தனக்குள் முணுமுணுத்தாள். அஃப்ஷா டார்ச் பிடித்தாள். பிராசசர் அந்த சாக்கெட்டுக்கு உரியதுதானா என்று நம்பரை இரண்டு பேரும் தனித்தனியாகப் படித்து ஒப்பிட்டார்கள். மெமரி இரண்டு கிடைத்தது, இரண்டும் பழைய ரகம், ஒரே வேகம். பவர் சப்ளை ஒன்றில் விசிறி சுற்றவில்லை, அதைத் தள்ளிவிட்டு இன்னொன்று. பெட்டி உயரமானது, கார்டு தலை இடிக்காது.

மூன்று மணிக்கு பட்டனை அழுத்தினார்கள். விண்டோஸ் எழுந்தது. அளவு சாஃப்ட்வேரின் பழைய மஞ்சள் ஐகான் திரையில் வந்து உட்கார்ந்தது. வெள்ளை ஸ்லாட்டில் கார்டை வைத்து ஒரு விரலால் தொட்டாள் அஃப்ஷா. அழுத்தவே வேண்டியிருக்கவில்லை. தானாக இறங்கியது.

அவளுக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தால் அல்ல. இத்தனை லேசான காரியத்துக்கு இவ்வளவு பெரிய கூத்தா என்ற ஆத்திரத்தால். துடைத்துக்கொண்டாள். ஹேமலதா பார்க்காதவள்போல இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். கண்டக்டர் அதற்கும் டிக்கெட் போடுவேன் என்றான். போட்டுக்கோ என்றாள்.

புதன்கிழமை காலை ஏழரைக்கே அவள் அளவு அறையில் இருந்தாள். கம்ப்யூட்டரை மாட்டி, மெஷினிலிருந்து வரும் தட்டை வயரைக் கார்டில் சொருகி, பவர் போட்டாள். மெஷின் விளக்கு பச்சையானது. அளவு தெரிந்த ஒரு வட்டத் தகடு உண்டு, சோதனைக்கென்றே வைத்திருப்பது. அதைத் தானே உள்ளே விட்டு, சுற்றிப் போய் மறுபக்கம் வாங்கினாள். திரையில் எண் சரியாக வந்தது. இன்னொரு தடவை விட்டாள். அதே எண்.

எட்டு மணிக்கு அமிர்தவள்ளி வந்தாள். மெஷின் விளக்கைப் பார்த்தாள். ஆனால் முகத்தில் சிரிப்பு இல்லை.

"அருணகிரி அண்ணன் வந்தா ஆரம்பிச்சிடலாம்" என்றாள் அஃப்ஷா.

"அவரு வரமாட்டாரு அஃப்ஷா."

"ஏன்? ஒடம்பு சரியில்லயா?"

"நேத்து மத்தியானம் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. மூணு நாளு வர வேணாம்னு. புது கம்ப்யூட்டரு ஸ்லாட்ட அவர்தான் ஒடச்சாராம். கார்ட அழுத்தி."

அஃப்ஷாவின் கையில் அந்தத் தகடு இருந்தது. அதை மெதுவாக மேஜைமேல் வைத்தாள்.

"யார் சொன்னது?"

"அவரே கையெழுத்து போட்டுக் குடுத்துருக்காரு. மேனேஜர் சாரு இங்கிலீஷ்ல ஒரு பேப்பரு குடுத்தாரு, மெயின்டனன்ஸ் பேப்பரு, எல்லாரும் போடணும்னாரு. அவரு போட்டாரு. என்னயும் சாட்சின்னு போடச் சொன்னாரு. கண்ணாடி எடுத்துனு வரலன்னு தப்பிச்சுட்டேன்."

அருணகிரி இருபத்தாறு வருஷமாக அந்த மெஷினில் தோல் விடுகிறவர். தமிழ் பேப்பரை ஒரு வரி விடாமல் படிப்பார். இங்கிலீஷ் தெரியாது. எதையும் எதிர்த்துப் பேசி யாரும் பார்த்ததில்லை.

அஃப்ஷா மெஷினின் பவரை அணைத்தாள். கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து, பச்சைக் கார்டைக் கழற்றி, வெள்ளிக் கவரில் போட்டுத் தன் பையில் வைத்தாள். நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இன்னாடி பண்ற?" என்றாள் அமிர்தவள்ளி.

"உக்காந்துருக்கேன்."

ஒன்பது மணிக்கு சூரியபிரகாஷ் வந்தான். பெட்டியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "சூப்பர்! கெடச்சிடுச்சா? ஓடுதா? ஏன் ஆரம்பிக்கல?" போனை எடுத்து மெஷினையும் பெட்டியையும் சேர்த்து ஒரு படம் எடுத்தான். "எம்.டி. சாருக்கு அனுப்பிடறேன். நல்ல டீம் ஒர்க்."

"அருணகிரி அண்ணன் கிட்ட இன்னா எழுதி வாங்குனீங்க?"

அவன் போனை இறக்கினான்.

"அது ஒரு ஃபார்மாலிட்டி. போர்டு வாரண்டிக்கு ஒரு ரிப்போர்ட் வேணும். யாராவது ஒருத்தர் பேரு போட்டாகணும்."

"ஒங்க பேரு போட வேண்டியதுதானே. அழுத்துனது நீங்க."

"அஃப்ஷா, நீங்க ரொம்ப ஜாஸ்தியா பேசுறீங்க."

"இன்னும் பேசவே ஆரம்பிக்கல சார்." அவள் எழுந்து நின்றாள். குரல் பக்கத்து பாலிஷ் பகுதிவரை கேட்டது. "ஸ்லாட்டு தெரியல, சரி. தெரியாதது தப்பில்ல. சொன்னா கேக்கல, அதயும் உடுங்க. ஒடச்சீங்க, அதக்கூட உட்டேன். நேத்து முழுசும் நான் வேலூர்ல தரையில உக்காந்து உங்க தப்ப பொறுக்கினு இருந்தேன். அந்த நேரத்துல நீங்க இங்க உக்காந்து ஒரு மனுஷன் தலையில அத எழுதினு இருந்தீங்க. இன்னா மனுஷன் சார் நீங்க?"

பாலிஷ் பகுதியிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். சூரியபிரகாஷ் வெளியே போய் நசீர் அகமதை அழைத்துக்கொண்டு வந்தான்.

நசீர் அகமது எப்போதும் வெளியாட்கள் இருந்தால் அவளிடம் தமிழில் பேசுவார். தனியாக இருந்தால் உருது. அன்று அத்தனை பேர் நிற்கும்போதே உருதுவில் ஆரம்பித்தார். மென்மையாக, வீட்டுப் பெண்ணிடம் பேசுவதுபோல. உன் அப்பாவை எனக்குத் தெரியும், நம் ஜனங்களுக்குள் இப்படி இரைச்சல் போடலாமா, லாரி மூன்று மணிக்கு வருகிறது, முதலில் வேலையை முடி, பிறகு பேசிக்கொள்ளலாம் என்றார்.

அஃப்ஷா தமிழில் பதில் சொன்னாள்.

"அவங்களுக்கும் புரியற மாதிரி பேசலாம் சாப். இதுல மறைக்க ஒண்ணும் இல்ல. கார்டு என் பையில இருக்குது. போட்டா ரெண்டு நிமிஷத்துல மெஷின் ஓடும். அந்த ரிப்போர்ட்ட இங்க எடுத்துனு வரட்டும். இன்னா எழுதியிருக்குதுன்னு தமிழ்ல படிக்கட்டும். அப்புறம் உண்மைய எழுதட்டும். அருணகிரி அண்ணன கூப்புடுங்க. அது வரைக்கும் நான் கார்டு போட மாட்டேன்."

"மிரட்டுறியா?"

"ஆமா சாப்."

அப்படிச் சொல்வாள் என்று அவரும் எதிர்பார்க்கவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டாள். வேலை போய்விடும் என்று நிச்சயமாகத் தோன்றியது. போகட்டும் என்றும் தோன்றியது.

நசீர் அகமது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அடுக்கி வைத்திருந்த தோல்களைப் பார்த்தார். பிறகு சூரியபிரகாஷைப் பார்த்தார். "அந்தப் பேப்பர எடுத்துனு வா."

பேப்பர் வந்தது. நசீர் அகமதே அதை வாங்கி வாய்க்குள் படித்தார். பாதியில் நிறுத்தினார். நெற்றியைத் தடவினார்.

"இதுல அருணகிரி குடிச்சிருந்தான்னு எழுதிருக்குதே" என்றார்.

அருணகிரி குடிக்காதவர் என்பது அந்தத் தொழிற்சாலையில் நாய்க்குக்கூடத் தெரியும்.

"அது... வாரண்டிக்கு ஒரு ரீசன்..." என்றான் சூரியபிரகாஷ்.

நசீர் அகமது பேப்பரைக் கிழித்தார். அவரே போன் போட்டு அருணகிரியைக் கூப்பிட்டார். பக்கத்துக் கிராமம்தான். அரை மணி நேரத்தில் டி.வி.எஸ். வண்டியில் வந்து சேர்ந்தார். அதற்குள் சூரியபிரகாஷ் வேறொரு பேப்பரில் எழுதி முடித்திருந்தான். அஃப்ஷா சொல்லச் சொல்ல, தமிழில், தன் கையால். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு அவன் தமிழில் எழுதியதே இல்லை போலிருக்கிறது, எழுத்து கோணிக்கொண்டு போயிற்று.

அஃப்ஷா பையிலிருந்து கார்டை எடுத்தாள். வெள்ளை ஸ்லாட்டில் வைத்தாள். விளக்கு பச்சையானது.

"வாங்கண்ணா, ஆரம்பிக்கலாம்" என்றாள்.

அருணகிரி அசையவில்லை. மெஷினுக்கு இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். சட்டை பட்டனைத் தப்பாகப் போட்டிருந்தார். அவசரமாகக் கிளம்பி வந்திருக்கிறார்.

"பேப்பருல எழுதிட்டாரு, சரி" என்றார். குரல் தாழ்வாகத்தான் இருந்தது. "நேத்து என் பொண்டாட்டி கேட்டா, ஏன் சீக்கிரம் வந்தேன்னு. ஒடச்சிட்டேன்னு பேரு, அனுப்பிட்டாங்கன்னேன். நீயா ஒடச்சேன்னு கேட்டா. இல்லன்னேன். அப்ப ஏன் கையெழுத்து போட்டேன்னு கேட்டா. அதுக்கு எனக்கு பதில் இல்ல. ராத்திரி சோறு எறங்கல. குடிச்சேன்னு வேற எழுதினியாமே தம்பி. கேட்ல வாட்ச்மேன் சொன்னான். பேப்பருக்கு சொன்னது போதாது. எனக்கு சொல்லு."

இருபத்தாறு வருஷத்தில் அவர் அத்தனை வார்த்தைகளைத் தொடர்ச்சியாகப் பேசி யாரும் கேட்டதில்லை. சூரியபிரகாஷ் நசீர் அகமதைப் பார்த்தான். அவர் வேறு பக்கம் பார்த்தார்.

"சாரி" என்றான்.

"எனக்கு இங்கிலீஷ் தெரியாது."

அவன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "தப்பு என் மேலதான். மன்னிச்சுக்கோங்க."

அருணகிரி மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சட்டைப் பட்டனைச் சரியாகப் போட்டுக்கொண்டு, முதல் தோலை எடுத்து உதறி, மெஷினில் விட்டார். அமிர்தவள்ளி மறுபக்கம் வாங்கினாள். திரையில் எண் ஏறியது. லாரி மூன்று மணிக்கு வந்து ஏழு மணிவரை நின்றது. டிரைவர் எல்லோரையும் திட்டிவிட்டு ஏற்றிக்கொண்டு போனான்.

மறுநாள் காலையில் நசீர் அகமது அஃப்ஷாவைக் கூப்பிட்டார். இந்தத் தடவை தமிழில் பேசினார். இனி கம்ப்யூட்டர் வேலைகளையும் சேர்த்து அவளே கவனித்துக்கொண்டால் நல்லது என்றார்.

"யாரு மேனேஜர் சாப்?"

"அவன்தான். நீ கூட இருந்து பாத்துக்கோ."

"வேல எனக்கு, பேரு அவருக்கா? அப்படி வேணாம் சாப். எந்த பார்ட்டு வாங்குனாலும் மொதல்ல என் மேஜைக்கு வரணும். நான் கையெழுத்து போடாம கடைக்கு போகக்கூடாது. அத எழுதிக் குடுங்க. வேற ஒண்ணும் கேக்கல."

அவர் யோசித்துச் சொல்கிறேன் என்றார். பத்து நாள் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பத்து நாளும் அவளுக்கு யாரிடமும் சரியாகப் பேச முடியவில்லை. வீட்டில் அம்மா முனவ்வர் பேகம் எதற்கெடுத்தாலும் ஏன் எரிந்து விழுகிறாய் என்று கேட்டாள். தெரியவில்லை என்றாள். நியாயம் கிடைத்த பிறகு கோபம் இறங்கிவிடும் என்று அவள் நினைத்திருந்தாள். இறங்கவில்லை. ஒரு கார்டைப் பைக்குள் ஒளித்து வைத்தால்தான் தன் பேச்சு ஏறும் என்பதை நினைக்க நினைக்க அது கூடிற்று.

பதினோராம் நாள் ஆபீஸ் ஆள் ஒரு தாளைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தான். கணக்குப் பிரிவின் புது கம்ப்யூட்டர்களுக்கு மெமரி கூட்டுவதற்கான ஆர்டர். அடியில் சூரியபிரகாஷின் கையெழுத்து. அதற்குப் பக்கத்தில் ஒரு புதுக் கட்டம். 'அளவு அறை ஒப்புதல்' என்று டைப் அடித்திருந்தது.

அஃப்ஷா தாளை எடுத்துக்கொண்டு நேராகக் கணக்குப் பிரிவுக்குப் போனாள். ஒரு பெட்டியைத் திறந்து போர்டின் நம்பரைக் குறித்துக்கொண்டாள். திரும்பி வந்து ஒப்பிட்டாள். ஆர்டரில் இருந்தது டிடிஆர் ஐந்து ரக மெமரி. போர்டு எடுப்பது டிடிஆர் நான்கு. கட்டத்துக்குள் பெரிய எழுத்தில் 'பொருந்தாது' என்று எழுதிக் கொடுத்தனுப்பினாள்.

ஐந்து நிமிஷத்தில் சூரியபிரகாஷே வந்தான். வாசலில் நின்றான்.

"ஏன்னு கேக்கலாமா?"

அவளுக்கு அவன் முகத்தைப் பார்த்ததும் பழையபடி காது சூடேறியது. ஆனாலும் எதிர் நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டாள்.

"உக்காருங்க. சொல்றேன். இந்த வாட்டி ஒரே ஒரு தடவதான் சொல்வேன்."